ஆசாரி வீட்டுச் சுவர் மண்

நாராயணப்பன் தங்கம் கண்டுபிடித்தது, காலையில் செம்பு எடுத்துக்கொண்டு ஒதுங்கப் போன இடத்தில். இதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். என்ன செய்ய, நடந்தது அப்படி.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மழை விட்ட மறுநாள். நாராயணப்பன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. எங்கள் எதிர்வீட்டுக் கோவிந்தப்பனின் சம்சாரம் மங்கம்மா இருக்கிறாளே, அவளுடைய தம்பி. கோலார் தங்கவயலில் வேலை. வருஷத்துக்கு இரண்டு தரம் அக்கா வீட்டுக்கு வருவான். காலில் பூட்ஸ், இடுப்பில் காக்கி அரைக்கால் சட்டை, வாயைத் திறந்தால் "நாங்க சாம்பியன் சுரங்கத்துல..." என்று ஒரு பேச்சு. பதினாலு வருஷம் அவன் சாம்பியன் சுரங்கத்தில் இருந்தது சத்தியம்தான். ஆனால் இருந்தது வாசலில், விளக்குக் கொட்டகையில். கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கை எடுத்துக் கொடுக்கிறது, ஏறி வருகிறவர்களிடம் திருப்பி வாங்கித் துடைத்து வைக்கிறது. ஒருநாள்கூட அவன் கீழே இறங்கியதில்லை. இதை அவன் சம்சாரமே பேரிகைச் சந்தையில் என்னிடம் சொன்னாள். நான் கேட்டேன், அதனால் சொன்னாள்.

அன்றைக்கு அவன் போனது ஊருக்கு மேற்கே வெள்ளைக்கல் மேட்டுக்கு. மேடு முழுக்க வெங்கச்சாங்கல், பால் கட்டியாய் உறைந்த மாதிரி வெள்ளை வெளேரென்று துருத்திக்கொண்டிருக்கும். மழையில் கழுவி வெயிலில் மின்னியதைப் பார்த்தானோ இல்லையோ, வீட்டுக்கு ஓடிப்போய் மங்கம்மா களிக்கு மாவு வைக்கும் மரவைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். (களி பிசையப் போன மங்கம்மா மரவையைக் காணாமல் தெருவையே திட்டித் தீர்த்தது தனிக் கதை.) மேட்டு மண்ணில் நாலு கை அள்ளிப் போட்டு, பக்கத்து ஓடைத் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசினான். லேசான மண் தண்ணீரோடு போனது. கறுப்பு மணல் அடியில் நின்றது. அதன் ஓரத்தில், கடுகில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாத மூன்று மஞ்சள் பொட்டு.

நான் அப்போது அங்கே என் ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆடு வீட்டில்தான் கட்டியிருந்தது. ஆனாலும் தேடுவதில் தப்பில்லையே.

"பங்காரம்!" என்று கத்தினான் நாராயணப்பன். "யம்மா, பாரு, பங்காரம்!"

"காக்காப்பொன்னா இருக்கும்ப்பா," என்றேன். எங்கள் பக்கத்தில் அந்த மினுக்குக் கல்லைப் பார்த்து ஏமாறுகிற ஆள் பிறக்கவில்லை.

அவன் ஒன்றை நகத்தில் ஒற்றி எடுத்து, கல்லில் வைத்துத் தேய்த்தான். காக்காப்பொன்னாய் இருந்தால் தூளாகிப் பறந்திருக்கும். இது நசுங்கி, கல்மேல் மஞ்சள் கோடாய் ஒட்டிக்கொண்டது. தங்கமேதான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் ஊருக்குள் வந்து சேர்வதற்குள் விஷயம் எப்படியோ பரவிவிட்டது. வழியில் ஏழெட்டுப் பேரிடம்தான் சொன்னேன்.

அந்த மேடு யாருடையது என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது. அது செல்வம்மாளுடையது. செல்வம்மாள், கோவிந்தப்பனின் செத்துப்போன அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் கண்ணை மூடி மூன்று வருஷம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கோவிந்தப்பன் பாகம் பிரித்தான். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை உட்காரவைத்து, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டு, ரொம்ப நியாயமாகப் பிரித்தான். கிணற்றடிக் காணி நாலு ஏக்கரும் அதன் தண்ணீரும் தனக்கு. வெள்ளைக்கல் மேடு ஐந்து ஏக்கர் அண்ணிக்கு. "அண்ணிக்கு ஒரு ஏக்கர் கூடவே குடுத்திருக்கேன்," என்று ஏப்பம் விட்ட பெரியவர்களிடம் சொன்னான். அவர்களும் பாயசத்துக்கு விசுவாசமாய்த் தலையாட்டினார்கள்.

செல்வம்மாள் அழவில்லை, மண்ணை வாரி இறைக்கவில்லை. அந்த மேட்டில் கொள்ளும் அவரையும் போட்டாள். மாசத்துக்கு ஒரு தரம், அமாவாசைக்கு மறுநாள், கொழுந்தன் வீட்டு வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்டாள்: "தம்பி, கிணத்துக் காணியில என் ரெண்டு ஏக்கரு, என் முறைத் தண்ணி, எப்பக் குடுக்கப்போற?" கோவிந்தப்பன் தலையைச் சொறிவான். அவள் "சரி, அடுத்த அமாவாசைக்கு வரேன்" என்று போய்விடுவாள். முப்பது அமாவாசைக்கு மேல் ஆயிற்று. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து நன்றாகக் கேட்கும்.

தங்கச் செய்தி தெரிந்ததும் முதலில் அவள் வீட்டுக்கு ஓடினவள் நான். அவள் முறத்தில் கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"செல்வம்மா, உன் மேட்டுல தங்கம்! நாராயணப்பன் அலசிக் காட்டினான். என் கண்ணால பார்த்தேன்."

"எந்த இடத்துல அள்ளினான்?"

"பாதைக்கு இந்தண்டை, நீ அவரை போட்டிருந்த இடத்துல."

முறத்தை நிறுத்தாமலே சிரித்தாள். "யக்கா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆசாரி வீடு மழையில விழுந்தது ஞாபகம் இருக்கா?"

ஏன் இல்லாமல்? நகை ஆசாரி செத்து, மகன்கள் ஓசூருக்குக் குடிபோய், பூட்டிக் கிடந்த வீடு. அறுபது வருஷத்து மண் சுவர். இடிந்த சுவர் மண் என்றால் எங்கள் ஊரில் குப்பை எருவைவிட ஒரு படி மேல். உப்பு பூத்த பழம் மண்ணை நிலத்தில் அடித்தால் வெறும் கல்லும் பயிர் கொடுக்கும் என்பார்கள். யார் வீட்டுச் சுவர் விழுந்தாலும் மறுநாள் வண்டி வந்து நிற்கும், துக்கம் விசாரிக்கிற மாதிரி. ஆசாரி வீட்டு மண்ணுக்கு முதலில் வண்டி கொண்டுபோய் நிறுத்தியவள் செல்வம்மாள். பதினோரு வண்டி அடித்தாள். ஊரே பார்த்தது.

"ஆசாரி சம்சாரம் வருஷா வருஷம் பட்டறைச் சாம்பலையும் கூட்டின தூசியையும் செம்மண்ணுல கலந்துதானே செவுத்துக்குப் பூசுவா," என்றாள் செல்வம்மாள். "அரத்துல ராவின பொடி எல்லாம் செவுத்துக்குள்ள. இப்ப என் அவரைக்குள்ள. அது மேட்டுத் தங்கம் இல்லக்கா. ஊர்ப் பொம்பளைங்க நகைத் தேய்மானம்."

"அப்ப அந்த வெள்ளைக் கல்லு?"

"செத்த கல்லு." அவள் பிறந்தது தங்கவயல் மாரிக்குப்பத்துக் கூலி லயனில். அப்பன் நிஜமாகவே சுரங்கத்துக்குள் இறங்கிக் கல் உடைத்தவன். "தங்கம் இருக்கிற கல்லு கருநீலமா, மழையில நனைஞ்ச கருங்கல்லு மாதிரி மங்கி இருக்கும். எங்கப்பன் பார்த்துப் பார்த்துச் சொல்வான். பளபளன்னு வெள்ளையா இருந்தா, அதுல ஒண்ணும் இல்ல, ஒதுக்கிப் போடுன்னு."

எனக்கு அது போதும். ஊருக்குள் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நான் சொன்னால் எல்லாவற்றையும் நம்புகிற ஊர், நிஜத்தைச் சொன்ன ஒரே நாளில் நம்பவில்லை. விளக்குத் துடைத்தவன் பூட்ஸ் போட்டிருந்தான். செல்வம்மாள் வெறுங்கால். அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் பொழுது விடிந்ததும் கோவிந்தப்பன் அண்ணி வீட்டு வாசலில் நின்றான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் மங்கம்மா, முருங்கைக்காய்க் குழம்புச் சட்டியோடு. நான் உப்புக் கடன் கேட்கப் போயிருந்தேன்.

"அண்ணி, மனசே கேக்கல," என்று ஆரம்பித்தான். "அண்ணன் கனவுல வந்தாரு. அவளை மேட்டுல விட்டுட்டியேடான்னு அழுவுறாரு."

"அப்படியா? என் கனவுல வந்தா சிரிச்சுக்கிட்டே வராரு," என்றாள் செல்வம்மாள். "உக்காரு தம்பி."

"நீங்க ஒண்டிப் பொம்பளை. கல்லோட ஏன் கஷ்டப்படணும்? மேட்டை நான் எடுத்துக்கிறேன். பதிலுக்கு கிணத்துக் காணியில ஒரு ஏக்கரு..."

"ரெண்டு ஏக்கரு. நாள் விட்டு நாள் தண்ணி. கபிலை ஓட்டித் தண்ணி இறைக்க உன் மாடு. பத்திரத்துல எழுதணும்."

அவன் இவ்வளவு சீக்கிரம் பேரம் படியும் என்று எதிர்பார்க்கவில்லை. சந்தோஷம் முகத்தில் தெரியாமலிருக்கக் குனிந்து மூக்கைத் துடைத்தான். 

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள். "அந்த மேட்டுல தங்கம் இல்ல. அது ஆசாரி வீட்டுச் சுவர் மண்ணு. தெரிஞ்சுக்கிட்டு வாங்கு."

கோவிந்தப்பன் மங்கம்மாவைப் பார்த்தான். மங்கம்மா கூரையைப் பார்த்தாள். அண்ணி ஏதோ திட்டத்தோடு தங்கத்தை மறைக்கிறாள் என்று இரண்டு பேர் முகத்திலும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"நம்பலைன்னா வாங்க, அலசிப் பார்க்கலாம்," என்று செல்வம்மாளே எழுந்தாள்.

அப்படித்தான் அந்தப் பரீட்சை நடந்தது. பாதி ஊர் மேட்டில் கூடிவிட்டது. நாராயணப்பன் மரவையோடு ஓடையில் இறங்கினான். கோவிந்தப்பன் ஒவ்வொரு இடமாய் அள்ளிக் கொடுத்தான். மஞ்சள் பொட்டு தெரிந்த இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நட்டார்கள். செல்வம்மாள் சொன்னபடி, சுவர் மண் அடிக்காத மேற்குப் பக்கத்தில் நாலு இடம் அலசினார்கள். ஒன்றும் இல்லை. வெள்ளைக் கல்லை மங்கம்மா வீட்டு உரலில் போட்டு இடித்து அலசினார்கள். அதிலும் இல்லை. உரல் அடியில் விரிசல் விட்டதுதான் மிச்சம்.

"பார்த்தியா தம்பி?" என்றாள் செல்வம்மாள். "எரு விழுந்த இடத்துல மட்டும்தான்."

நாராயணப்பன் கரையேறி, இடுப்பில் கை வைத்து, நட்ட குச்சிகளைப் பார்த்தான். பதினோரு குச்சி. பாதையில் தொடங்கி வேப்பமரம் வரைக்கும், நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் நின்றன.

"ரேகை!" என்றான் மூச்சு வாங்க. "மாமா, இதுதான் ரேகை! தங்கம் பூமிக்குள்ள இப்படித்தான் கோடு மாதிரி ஓடும். அங்கங்கே சிதறிக் கிடந்தா எருன்னு சொல்லலாம். இது நேரா ஓடுது பாருங்க!"

"அது என் வண்டி போன தடம், தம்பி," என்றாள் செல்வம்மாள் பொறுமையாக. "வண்டியைக் கோணல்மாணலாவா ஓட்டுவாங்க? பத்தடிக்கு ஒரு வண்டி கவிழ்த்தேன். எண்ணிப் பாரு, பதினோரு வண்டி, பதினோரு குச்சி."

"பதினாலு வருஷம் சாம்பியன்ல இருந்தவன் நான். எனக்கு ரேகை தெரியாதா?"

"விளக்குத் தெரியும்," என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. தங்கம் பார்த்த ஊருக்கு நகைச்சுவை மட்டுப்பட்டுவிடுகிறது.

நாராயணப்பன் மாமனைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். தனியே என்றால் வேப்பமரத்து அந்தண்டை. நான் இந்தண்டை இருந்தேன். "மாமா, யோசிங்க. தங்கம் எங்க இல்லைன்னு இவ்வளவு கரெக்டா சொல்றவளுக்கு, எங்க இருக்குன்னு தெரியாதா? லயன்ல பொறந்தவ. இன்னும் ரெண்டு நாள் விட்டா பங்காருப்பேட்டையிலிருந்து கல்லு பார்க்கிற ஆளைக் கூட்டிட்டு வந்துடுவா. சட்டுனு முடிங்க."

அந்த வாரமே முடிவாயிற்று. அதற்குள் எத்தனை பேர் செல்வம்மாளுக்குப் புத்தி சொன்னார்கள் என்கிறீர்கள்? பேரிகையிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் வந்து, "தங்கத்தைக் குடுத்துத் தண்ணி வாங்குறியே, பைத்தியமா?" என்று கத்திவிட்டுப் போனான். நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். 

"ஏம்மா, அவன் இருக்கிற வெறியில நாலு ஏக்கரும் கேட்டா குடுத்துடுவான். கேளேன்."

"என் பங்கு ரெண்டுதானேக்கா."

"அவன் அன்னிக்கு அப்படிப் பார்த்தானா?"

"அவனும் சாப்பிட வேண்டாமா? நாலையும் வாங்கிட்டா அவன் ஊரை விட்டுப் போயிடுவான். அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது, நீ எதை வேடிக்கை பார்க்கிறது?"

அதுவும் நியாயமாய்த்தான் பட்டது.

பத்திரம் எழுத ஓசூருக்கு ஒரே வண்டியில் போனோம். எனக்கும் ஓசூரில் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை. ரிஜிஸ்தர் கச்சேரிக்கு எதிரே புங்கமரத்தடியில் பத்திரம் எழுதுகிற ஐயர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினார். கிணற்றடிக் காணியில் கிழக்கே இரண்டு ஏக்கர், நாள் விட்டு நாள் கபிலைத் தண்ணீர், மாடு உள்பட, செல்வம்மாளுக்கு. வெள்ளைக்கல் மேடு ஐந்து ஏக்கர் கோவிந்தப்பனுக்கு. நாலு எல்லையும் சொல்லி முடித்துப் படித்துக் காட்டினார்.

"இன்னும் ஒரு வரி இருக்கு சாமி," என்றாள் செல்வம்மாள். "மேற்படி மேட்டில் தங்கம் கிடையாது. மேல் மண்ணில் தென்படுவது ஆசாரி வீட்டுச் சுவர் மண். இதை நான் கோவிந்தப்பனுக்கு நேரில் சொல்லியிருக்கிறேன். இதையும் எழுதுங்க."

ஐயர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, முப்பது வருஷமா எழுதறேன். நிலத்துல என்ன இருக்குன்னு எழுதச் சொல்லுவா. கிணறு இருக்கு, புளியமரம் இருக்கு... இல்லாததை எழுதச் சொன்னவா யாருமில்லை."

"எழுதுங்க. நாளைக்கு அண்ணி ஏமாத்திட்டாள்னு ஒருத்தன் என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

ஐயர் எழுதினார். படித்துக் காட்டினார். செல்வம்மாள் சுரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். குண்டு குண்டாய்க் கையெழுத்துப் போட்டாள். கோவிந்தப்பனுக்குக் கைநாட்டுத்தான். ஐயர் அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி எடுத்தார்.

விரல் காகிதத்துக்கு நாலு அங்குலம் மேலே நின்றுவிட்டது.

எழுத்தில் பார்த்ததும் அவனுக்கு எதுவோ உறைத்திருக்க வேண்டும். எழுத்து அவனுக்குப் படிக்க வராது. ஆனாலும் அந்த வரியையே முறைத்துப் பார்த்தான். "அண்ணி," என்றான் மெதுவாக, "நிஜமாவே சொல்றீங்களா?"

"மூணாவது தரம் சொல்றேன் தம்பி. தங்கம் இல்ல."

செல்வம்மாள் முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, முந்தானை நுனியை அவள் விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். முப்பது அமாவாசை நடந்த கால், நாலு அங்குலத்தில் வழுக்கப் பார்த்தது. அதுவும் அவள் சொன்ன நிஜத்தாலேயே. எனக்கு அவள் வாயைப் பொத்தவேண்டும் போல் இருந்தது. அவளோ ஐயரிடம், "இன்னொரு தரம் படிங்க சாமி, அவன் நல்லாக் கேட்டுக்கட்டும்," என்கிறாள்!

ஐயர் படித்தார். கோவிந்தப்பனின் விரல் இன்னும் கொஞ்சம் மேலே போனது. கையைத் துடைக்கத் துணி தேடினான்.

அப்போது நாராயணப்பன் குனிந்தான். ரகசியம் பேசுவதாக நினைத்துப் புங்கமரத்துக் காக்கைக்கும் கேட்கிற மாதிரி பேசினான்: "மாமா, உங்க கிணத்துக் காணிப் பத்திரத்துல தங்கம் இல்லைன்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"உங்கப்பா பத்திரத்துல? உங்க தாத்தா பத்திரத்துல?"

"இல்லையே."

"ஊர்ல எவன் பத்திரத்துலயாவது? தங்கம் இல்லாத நிலத்துக்கு எவன் மாமா தங்கம் இல்லைன்னு எழுதுவான்?"

கோவிந்தப்பன் முகம் பொங்கல் வைத்த வாசல் மாதிரி மலர்ந்தது. மை காய்வதற்குள் விரலை வைத்து, நன்றாக அழுத்தி, இப்படியும் அப்படியும் உருட்டிவிட்டான். உள்ளே கச்சேரியிலும் கேட்ட கேள்விக்கெல்லாம் "சம்மதம், சம்மதம்" என்று இரண்டு இரண்டு தரம் சொன்னான். சாட்சிக் கையெழுத்து நாராயணப்பன் போட்டான். பெயருக்குக் கீழே "சாம்பியன் சுரங்கம்" என்றும் எழுதினான்.

தை பிறப்பதற்குள் செல்வம்மாள் கிழக்கு இரண்டு ஏக்கரில் நாற்று விட்டுவிட்டாள். அவள் முறை நாளில் கோவிந்தப்பன் மாடுகளே கபிலை இழுக்கும். சால் ஏறி வந்து தண்ணீர் தொட்டியில் கொட்டுகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். நான் தினம் அந்தப் பக்கம் போவேன். காற்று நன்றாக வரும்.

கோவிந்தப்பனும் நாராயணப்பனும் மேட்டில் பத்தடி ஆழத்துக்கு ஒரு குழி, பன்னிரண்டடியில் ஒன்று என்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாராயணப்பன் லீவு எழுதிப் போட்டுவிட்டு வந்து, குழி மேட்டில் நின்று யோசனை சொன்னான். கீழே இறங்கினவன் கோவிந்தப்பன்தான். சர்க்கார் கேட்டால் என்ன செய்வாய் என்று ஒருத்தர் கேட்டதற்கு, "முதல்ல வண்டி கட்டி அள்ளுவோம், அப்புறம் கேக்கட்டும்," என்றான். தலை முதல் கால் வரை வெள்ளைப் பொடி. இப்படி ஒரு சுறுசுறுப்பை மங்கம்மா கல்யாணமானதிலிருந்து பார்த்ததில்லையாம். ராத்திரி சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிவிடுகிறான் என்று அவளுக்கு ஒருவகையில் நிம்மதி.

ஒருநாள் சாயங்காலம் செல்வம்மாள் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். மேட்டிலிருந்து கோவிந்தப்பன் தலையில் ஒரு கூடைக் கல்லோடு இறங்கி வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்றான்.

"அண்ணி," என்றான். குரலில் ஒரு கெத்து. "பதிமூணடியில கல்லு லேசா நிறம் மாறுதுன்னு நாராயணப்பன் சொல்றான். பாருங்க."

கூடையை இறக்கி ஒரு கல்லை நீட்டினான். செல்வம்மாள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பால் வெள்ளை.

"இது வெள்ளை தம்பி."

"அப்படித்தான் சொல்லுவீங்க," என்றான் கோவிந்தப்பன் பெரிய மனதோடு சிரித்து. கல்லை வாங்கிக் கூடையில் பத்திரமாக வைத்துத் தலையில் ஏற்றினான்.

"வரப்பு ஈரமா இருக்கு. பார்த்துப் போ," என்றாள் அவள். மண்வெட்டியை எடுத்து அடுத்த பாத்திக்கு மடையை வெட்டினாள். தண்ணீர் திரும்பியது.